ஃபெரெட்டுக்கு ஆபரேஷன்: இன்றைக்கா, அடுத்த மாதமா?

"டாக்டர், ஆபரேஷனை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா?" கீரி போல நீண்ட உடம்புள்ள செல்லப் பிராணியான ஃபெரெட்டை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என்ன நோய் என்று தெரிந்தால்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, மலமும் சரியாக வராமல் சுருண்டு கிடக்கும் குட்டி என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஃபெரெட்டுக்கு ரப்பர் என்றால் உயிர், கடித்து விழுங்கிவிடும். ஒருமுறை குடலைத் திறந்தபோது இயர்போனின் ரப்பர் முனை கிடைத்தது. கடலை அளவுதான் இருக்கும். அது சிக்கிய இடத்தில் குடல் கருஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. அஜீரணம் என்று நினைத்து வீட்டில் 2 நாள் காத்திருந்திருக்கிறார்கள். ஆண் ஃபெரெட் முக்கியும் சிறுநீர் போகவில்லை என்றாலும் இதே அவசரம்தான். ஆனால் முதலில் அடைப்பை நீக்கி, உடம்பைத் தேற்றிய பிறகே கத்தியை எடுப்போம்.

கணையக் கட்டியில்தான் உண்மையான குழப்பம். 3 வயதைத் தாண்டிய ஃபெரெட் நடந்துகொண்டே இருக்கும்போது நின்றுவிடும். கண் எங்கோ வெறிக்கும், எச்சில் வடியும், முன்காலால் வாயைப் பிறாண்டும், பின்னங்கால் துவளும். "தூங்கி வழிகிறது" என்பார்கள். கட்டி இன்சுலினைக் கொட்டுவதால் ரத்தச் சர்க்கரை 60 mg/dLக்கும் கீழே போயிருக்கும். பிரெட்னிசோலோன், டயசாக்ஸைடு போன்ற மருந்துகள் சர்க்கரையைத் தூக்கிப் பிடிக்கும். கட்டியைக் கரைக்காது. ஆபரேஷன் செய்தாலும் பல ஃபெரெட்டுகளுக்குக் கட்டி திரும்ப வரும், அதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். அப்படியிருந்தும், இதயம் நன்றாக இருக்கும் 4 வயது ஃபெரெட் என்றால் வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பேன். 7 வயது, இதயமும் பலவீனம் என்றால் மருந்தோடு நிம்மதியாக இருக்கட்டும்.

வாலிலிருந்து முடி கொட்டும் அட்ரினல் நோயில் (சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியில் வரும் நோய்) பெரும்பாலும் சில வாரம் யோசிக்க நேரம் உண்டு. டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தைத் தோலுக்கடியில் இம்பிளாண்டாக வைத்து அறிகுறிகளைக் கட்டுப்படுத்தலாம். வலது சுரப்பி பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டியிருக்கும் என்பதால், தேதியைவிட அனுபவமுள்ள கை கிடைப்பதுதான் முக்கியம்.

சரி, நாள் குறித்தாயிற்று. காலையில் முதல் ஆபரேஷனாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரெட்டின் வயிற்றில் உணவு 3, 4 மணி நேரத்துக்கு மேல் தங்காது. அதனால் ராத்திரி முழுக்கப் பட்டினி போடவே கூடாது. கணையக் கட்டி இருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி சர்க்கரையைப் பார்க்க ஆள் இல்லாத இடமென்றால் தேதியை மாற்றுங்கள்.

கணையக் கட்டி உள்ள ஃபெரெட் அதற்குள் மயங்கி விழுந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவுங்கள். வலிப்பு வரும்போது மட்டும் பல்லுக்கிடையே விரலை விடாதீர்கள். எழுந்து ஓட ஆரம்பித்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள். தேனின் தெம்பு கொஞ்ச நேரத்துக்குத்தான்.