பிட்ச்: அடிமனை

இங்கிலாந்தில், மரபாக வண்டிகளில் இடம்பெயர்ந்து வாழ்ந்துவந்த ஜிப்சி, டிராவலர் சமூகத்தார் தங்குவதற்கென உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் வளாகங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் நிலத்துண்டின் பெயர் ‘பிட்ச்’. அந்த நிலத்துண்டின்மேல் மன்றமும் குடும்பமும் எழுதிக்கொள்வது ‘பிட்ச் அக்ரிமென்ட்’. இதனை ‘வீட்டு வாடகை ஒப்பந்தம்’ என்று தமிழாக்கினால் அதன் உயிர்நிலையே மறைந்துபோகும். அங்கே வீடு மன்றத்துடையது அன்று. சக்கரத்தின்மேல் நிற்கும் காரவனோ பெரிய நகர்வீடோ பெரும்பாலும் குடும்பத்தின் சொந்தச் சொத்து. மன்றத்துக்கு உரியது அதன் அடியில் கிடக்கும் நிலம்.

‘பிட்ச்’ என்பது குத்தி நாட்டுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கூடாரத்துக்கு முளை அடிப்பதும், கிரிக்கெட்டில் ஸ்டம்பு நடுவதும் அந்த ஒரே வினைதான். நாட்டிய இடமும் நாளடைவில் அப்பெயரையே பெற்றது. கீலைக் குறிக்கும் ‘பிட்ச்’ லத்தீன் வழி வந்த வேறு சொல். இதனோடு அதற்கு உறவில்லை. ஆங்கில ஜிப்சிகளின் ரோமானி மொழியில் தங்கும் இடத்துக்கு ‘ஆச்சின் தான்’ என்பார்கள். ரோமானி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது ஆதலால், அதிலுள்ள ‘தான்’ வடமொழி ‘ஸ்தான’த்தின் வழிவந்தது, நம் ‘ஆஸ்தானம்’, ‘தேவஸ்தானம்’ ஆகியவற்றில் இருப்பதும் அதே வேர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாகக் கருதி ஆங்கிலேயர் சூட்டியதே ‘ஜிப்சி’ என்னும் பெயர். 1530-ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களை ‘எகிப்தியர்’ என்றுதான் அழைக்கிறது. இதற்கு ஈடாகத் தமிழில் ‘நரிக்குறவர்’ என்று எழுதுவது பெரும் பிழை. ஒரு மக்களின் பெயரை இன்னொரு மக்களுக்கு இடக்கூடாது. ‘நாடோடி’ என்பதும் பொருந்தாது. ரோமானி ஜிப்சிகளை 1988-லும் ஐரிஷ் டிராவலர்களை 2000-த்திலும் தனி இனக்குழுவினராக நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. ஆண்டுக்கணக்கில் ஒரே மனையில் வாழ்வோரும் அவர்களில் உண்டு. ஆகவே இனப்பெயரை உள்ளபடியே எழுதுவதுதான் முறை.

இன்றைய பிட்ச்சில் அடிப்பதற்கு முளை இல்லை. காரவன் நிற்கக் கெட்டித்த தளம், மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், அருகில் சமையலுக்கும் குளியலுக்குமான ஒரு சிறு கட்டடம் ஆகியவை இருக்கும். அக்கட்டடம் தனியே நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரோமானி வழக்கில் தீட்டுப்பட்டதை ‘மொக்காடி’ என்பார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் துணியை அலசிவிட்டால் அந்தத் தொட்டி மொக்காடி. எத்தனை முறை தேய்த்தாலும் அது மறுபடி அடுக்களைக்கு ஆகாது. எச்சில் பத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் 2008-இல் அரசு வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, கழிப்பறைக்கு ஓர் இடைகழி வழியாகவோ வெளியிலிருந்து தனி வாசல் வழியாகவோ செல்லும்படி அமைக்கச் சொன்னது.

இனி உடன்படிக்கை. 1968-ஆம் ஆண்டின் காரவன் வளாகச் சட்டம், வளாகம் அமைத்துக் கொடுக்கும் கடமையை உள்ளாட்சிகள்மேல் சுமத்தியது. 1994-இல் அக்கடமை நீக்கப்பட்டது. வேல்ஸ் மட்டும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை மீட்டுக்கொண்டது. வளாகம் கிடைத்தவர்களுக்கும் உரிமை சிறுத்தே இருந்தது. அவர்கள் கையில் இருந்தது ‘லைசென்ஸ்’, அதாவது வெறும் இருப்பு அனுமதி. 28 நாள் அறிவிப்புக் கொடுத்து நீதிமன்ற ஆணை பெற்றுவிட்டால் போதும். ஏன் வெளியேற்றுகிறோம் என்பதை மன்றம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. லீட்ஸ் நகரின் காட்டிங்லி ஸ்பிரிங்ஸ் வளாகத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு குடும்பம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 அன்று இவ்வாறே வெளியேற்றப்பட்டது. அவர்கள்மேல் சொல்லப்பட்ட புகார் உண்மையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. தனியார் வளாகங்களில் நகர்வீடு வைத்திருந்தோருக்கு 1983-ஆம் ஆண்டின் நகர்வீட்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு, உள்ளாட்சியின் ஜிப்சி வளாகங்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். இது மனித உரிமை மீறல் என்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004 மே 27 அன்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஏழு ஆண்டு காத்திருந்து, 2011 ஏப்ரல் 30 முதல்தான் இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பு இவர்களையும் வந்தடைந்தது. அத்தனை தாமதத்துக்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

‘அனுமதி’ ‘உடன்படிக்கை’யாக மாறியது அந்த நாளில்தான்; மொழிபெயர்ப்பவர் இவ்விரு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உடன்படிக்கை செய்வதற்கு 28 நாள் முன்பே மன்றம் அதன் விதிகளை எழுத்தில் தர வேண்டும். நம் பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவதுபோல, எந்த நிலம் என்று அடையாளம் காணப் போதிய விவரம் அதில் இருக்க வேண்டும். விதி மீறல் உண்மையென்றும், அதற்காக உடன்படிக்கையை முறிப்பது நியாயமென்றும் நீதிமன்றம் ஏற்றால்தான் அந்தக் காரணத்துக்காக ஒருவரை வெளியேற்ற முடியும்.

இத்தகைய நிலத்துக்குத் தமிழில் சொல் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. திருவரங்கத்திலும், கோயில் நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர் உள்ள பிற ஊர்களிலும் ‘அடிமனை’ என்பது அன்றாடப் பேச்சில் உள்ள சொல். மேலே நிற்கும் வீடு ஒருவருக்கு, அடியிலுள்ள நிலம் மற்றொருவருக்கு என்னும் உறவை அந்த ஒரு சொல் முழுதாகச் சொல்லிவிடுகிறது. அங்கே வீடு நகராது, இங்கே நகரும் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் ஆவணம் பேசுவது வீட்டின் சக்கரத்தை அன்று, நிலத்தின் உரிமையை. ‘முகாம்’ என்றால் ஏதிலியர் நினைவுக்கு வருவர். தங்குமிடத்தைக் குறித்த ‘பாடி’ பழைய அழகிய சொல்லாயினும் இன்று ஊர்ப்பெயர்களின் ஈற்றில் ஒடுங்கிவிட்டது. ஆகவே பிட்ச் அடிமனை, பிட்ச் அக்ரிமென்ட் அடிமனை உடன்படிக்கை, அதற்குச் செலுத்துவது அடிமனைக் கட்டணம்.

மூன்று மாதம் வரை மட்டும் தங்க விடும் ‘டிரான்சிட் பிட்ச்’சுக்கு அடிமனை பொருந்தாது, அதன் உரிமை வேறு, விதிகளும் வேறு. பேருந்து நிற்கும் இடத்துக்கு ஈழத்தமிழர் வழங்கும் ‘தரிப்பிடம்’ என்பதை எடுத்து, ‘இடைத்தரிப்பிடம்’ என்று அதற்கு எழுதலாம்.