குப்பைக் கிடங்கால் கிணற்று நீர் கெட்டுப்போனால்: சட்டம் தரும் வழி

குப்பை மேட்டுக்குள் இறங்கும் மழைநீர், அங்கே அழுகிக் கிடப்பதோடு பழைய பேட்டரி, பெயின்ட், காலாவதியான மருந்து என எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கருப்பாக வடியும். அடியில் தடுப்பு இல்லாத பழைய கிடங்குகளில் அது நேராக மண்ணுக்குள் போகிறது. அப்புறம் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் வந்து சேர்கிறது. ஈயம், காட்மியம், நைட்ரேட் போன்றவை தண்ணீரில் கலந்திருப்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் இவை போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, அளவு கூடத்தான் செய்யும்.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2000-லும் 2016-லும் வெளியிட்ட திடக்கழிவு விதிகள் இரண்டுமே, புதிய கிடங்கின் அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பும் போடச் சொன்னவை. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்தைய காலம் என்று பருவந்தோறும் சோதிக்க வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் முதல் ஆயுதம் இந்தச் சோதனை விதிதான். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் உள்ளாட்சி அமைப்பிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் அந்த அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சோதனையே செய்யவில்லை என்று எழுத்தில் பதில் வந்தால், அதுவும் வலுவான சாட்சிதான்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. நாமே பாட்டிலில் பிடித்துக் கொடுத்த மாதிரியை எதிர்த்தரப்பு சுலபமாக மறுத்துவிடும். கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி வாரிய அதிகாரிகளுக்கு இருப்பதால், நேரில் வந்து எடுக்கச் சொல்லி மனு கொடுத்து, ஒப்புகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாதாரணச் சோதனையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் அம்மோனியா, நைட்ரேட் அளவையும் பார்க்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01, காட்மியம் 0.003, நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் கூடிய தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே குழந்தைக்கு வேறு தண்ணீருக்கு மாறிவிடுங்கள், அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, தண்ணீர் கெட்டது உறுதியாகிவிட்டது. இழப்பீட்டை எங்கே கேட்பது? சிவில் கோர்ட்டில் அல்ல, சுற்றுச்சூழல் வழக்குகளுக்காக 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர், நிலத்தின் சொந்தக்காரர், இறந்தவரின் வாரிசு என யாரும் மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவச் செலவு மட்டுமல்ல, பட்டுப்போன பயிர், செத்த கறவை மாடு, கெட்டுப்போன நிலத்தைச் சீராக்கும் செலவு ஆகியவற்றுக்கும் கேட்கலாம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை, இந்தத் தீர்ப்பாயச் சட்டத்தில் 20-ஆம் பிரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிலத்தடி நீரைக் கெடுத்தது தனியார் ஆலையா உள்ளாட்சி அமைப்பா என்ற பேதம் அதில் இல்லை.

பலர் கோட்டை விடுவது காலக்கெடுவில்தான். கிடங்கை மூடு என்பது போன்ற உத்தரவு மட்டும் கேட்பதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் 5 ஆண்டு உண்டு. தக்க காரணம் இருந்தால் இரண்டிலும் 60 நாள் கூடுதலாகத் தருவார்கள், அதற்கு மேல் கிடையாது. ஆகவே தண்ணீரில் முதலில் மாற்றம் தெரிந்த தேதியையும், கொடுத்த ஒவ்வொரு மனுவின் தேதியையும் குறித்து வையுங்கள்.

இழப்பீடு கேட்கும் மனுவுக்குக் கட்டணம், கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, அதற்கான சான்றை மனுவோடு சேர்த்தால் போதும்.