முடியாத இழப்புக்கு எப்படித் துக்கம் காப்பது?

கனடாவின் கிழக்குக் கோடியில், லாப்ரடார் கரையோரம் வாழும் இனுயிட் மக்களுக்குக் குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் சாலை. வேட்டைக்கும் விறகுக்கும் அடுத்த ஊர் உறவினர் வீட்டுக்கும் அதன் மேல்தான் போவார்கள். பருவநிலை மாற்றத்தால் இப்போது பனி தாமதமாக இறுகுகிறது, சீக்கிரம் உடைகிறது. இறுகினாலும் நம்பிக் கால் வைக்க முடிவதில்லை. அங்கே ஆய்வு செய்த ஆஷ்லி குன்சோலோவும், மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளிடம் பேசிய நெவில் எல்லிஸும் 2018இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்த வேதனையைத் துக்கம் என்றே வகைப்படுத்தியது. பறிபோவது நிலமும் பனியும் மட்டுமல்ல. எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்று பார்த்தவுடன் சொல்லும் பெரியவரின் அறிவு செல்லாக்காசாகிறது. தம்மைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பும் அதோடு போகிறது. இன்னும் வராத இழப்புக்காகவும் மனம் முன்கூட்டியே அழுகிறது.

துக்கம் என்றதும் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகள் பலருக்கு நினைவுக்கு வரும். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. இங்கே அவை சரியாகப் பொருந்துவதில்லை. சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தைச் செய்து முடிக்கலாம். போனவர் மறுபடி சாகமாட்டார். பனியின் இழப்போ தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை ஏற்றுக்கொண்டாலும் அடுத்த குளிர்காலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்லாந்து ஆய்வாளர் பனு பிஹ்கலா, இப்படிப்பட்ட துக்கத்தில் மனம் கடக்கும் கட்டங்களை 2022இல் வகுத்துச் சொன்னது இதற்கு நெருங்கி வருகிறது. முதலில் அறியாமை, பிறகு தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் காலம், அடுத்து விழிப்பும் அதிர்ச்சியும். அதன் பிறகு வரிசை குலைகிறது: செயல், துக்கம், விலகல் மூன்றுக்கும் இடையே மனம் போய்ப்போய் வருகிறது. நெருக்கடியோடு வாழப் பழகிய பின்னும் இந்த ஊசல் நிற்பதில்லை. வாழ்க்கைத் துணையை இழந்தவர்களை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999இலேயே, அழுவதும் அன்றாட வேலையில் இறங்குவதும் மாறிமாறி நடப்பதுதான் தேறும் வழி என்றனர்.

பிஹ்கலா சொன்ன மூன்றில் அதிகம் திட்டு வாங்குவது விலகல். செய்தியை அணைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பவரைப் பொறுப்பற்றவர் என்கிறோம். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அபாயச் செய்தி ஓயாமல் வந்தால் உடல் எந்நேரமும் விறைத்தே இருக்கும், தூக்கம் கெடும். இடைவெளி கிடைத்தால்தான் மறுபடி வேலை செய்யவும், ஏன், துக்கப்படவும் தெம்பு வரும். விலகலிலேயே குடியிருந்தால்தான் அது மறுப்பாகிறது. செயலிலேயே குடியிருக்கும் ஆர்வலரும் தப்புவதில்லை. அழ நேரமின்றி ஓடி, ஒருநாள் மொத்தமாகக் களைத்து விழுகிறார்.

2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பருவநிலை பற்றிய உணர்வுகள் அன்றாட வாழ்வைப் பாதிப்பதாக 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கூறினர். அரசு தங்களைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தவர்களிடம் அந்த வேதனை கூடுதலாக இருந்தது.