கேஷ்: பதுக்ககம் அல்ல, கையிருப்பு

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர் கடையின் இணையதளத்தை முந்தின நாள் இரவு வேறு சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். மகன் போனில் திறக்கிறது, கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவில்லை. எங்கேயோ தேடி ஒரு தமிழ் வழிகாட்டியைப் பிடித்திருக்கிறார். அதில் "உங்கள் கணினியின் டிஎன்எஸ் பதுக்ககத்தை அழிக்கவும்" என்று இருந்ததாம். டிஎன்எஸ் என்பது தளத்தின் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு; பதுக்ககம் என்பது ஆங்கிலக் கேஷ் (cache) என்ற சொல்லுக்கு அவர்கள் போட்ட தமிழ். "தம்பி, இது என்ன பதுக்கல்? நான் எதையும் பதுக்கலையே" என்றார். குரலில் பயம் தெரிந்தது.

பயப்படாமல் என்ன செய்வார்? கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரியைப் பிடிக்க 2001இல் தடை வந்தது. அதற்கப்புறம் எங்கள் கரையில் பதுக்கல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அதுதான். "பதுக்கி வைத்திருந்த கடல் அட்டை பறிமுதல்" என்று செய்தி வரும். ஒரு நாள் வேதாளை, ஒரு நாள் தேவிபட்டினம் என்று ஊர் மட்டும் மாறும். பதுக்கினவன் என்றால் போலீஸ் தேடுகிறவன்.

கேஷ் என்ற சொல்லின் வரலாறு சின்னதுதான். பிரெஞ்சில் காஷே என்றால் ஒளித்து வைப்பது. கனடாக் காடுகளில் தோல் வேட்டைக்குப் போனவர்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ள வழியில் உணவையும் சரக்கையும் மறைத்து வைத்த இடத்துக்கு அதிலிருந்து பெயர் வந்தது. 1960களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனம் தன் 360 வரிசைக் கணினி ஒன்றில், கணக்குப் போடும் மூளையான செயலிக்குப் (பிராசசருக்குப்) பக்கத்தில் வைத்த சிறிய, வேகமான நினைவகத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பிறகு, அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே பெயரானது.

டிஎன்எஸ் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்காமல், ஒருமுறை கிடைத்த பதிலைக் கணினி தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்தப் பதிலுக்கு நொடிக் கணக்கில் ஆயுள் உண்டு: 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். ஆயுள் முடிவதற்குள் தளம் இடம் மாறிவிட்டால், கணினி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் கடையில் நடந்தது இதுதான்.

பதுக்ககம் என்பதற்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டு. மூலச் சொல்லே ஒளித்தலைக் குறிக்கிறது. செயலிக்குள் இருக்கும் கேஷும் நிரல் எழுதுகிறவர் கண்ணுக்குப் படாமலே வேலை செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழிபெயர்க்க வேண்டியது ஒரு சொல் இன்று செய்யும் வேலையை, அது பிறந்த கதையை அல்ல. தமிழில் பதுக்குவது என்றால் வெளியே இருக்க வேண்டிய பொருளை, பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு உள்ளே வைப்பது. அரிசிப் பதுக்கல், மண்ணெண்ணெய்ப் பதுக்கல் என்று எத்தனை காலமாகச் சொல்கிறோம்! டிஎன்எஸ் யாரிடமிருந்து எதை மறைக்கிறது? விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /டிஸ்ப்ளேடிஎன்எஸ்' என்று கட்டளை கொடுத்தால், வைத்திருப்பதை எல்லாம் வரிசையாகக் காட்டிவிடுகிறது. கேட்டதும் எடுத்துக் காட்டுவதைப் பதுக்கல் என்று சொல்வது தமிழுக்கே பொருந்தாது.

சரி, தற்காலிகச் சேமிப்பு என்கிறார்களே? அது பிழை இல்லை, பாதிதான். எவ்வளவு காலம் என்று சொல்கிறது, எதற்காக என்று சொல்லவில்லை. கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் ரேமையும் பலர் தற்காலிக நினைவகம் என்கிறார்கள், இரண்டும் குழம்பும். தவிர, சேமிப்பை அழி என்றால் யாருக்கும் கை வராது.

கேஷ் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சான்றிதழ் வாங்க வந்த பாட்டியிடம் அங்கிருந்த பெண் "கேஷ் கிளியர் பண்ணணும், இருங்க பாட்டி" என்றார். பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, "எம்புட்டும்மா?" என்றார். தமிழில் எழுதினால் பணத்தைச் சொல்லும் கேஷுக்கும் (cash) இந்தக் கேஷுக்கும் ஒரே எழுத்து. (சில்லறை நாணயத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த கேஷ் என்ற பெயர் நம் காசிலிருந்து போனது என்பது தனிக் கதை.)

கையிருப்பு என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது மண்டபத்திலும் பாம்பனிலும் கருவாட்டுக் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, "கையிருப்பு எவ்வளவு?" தேவைப்படும் என்று தெரிந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது கையிருப்பு. நாள்பட்டால் கெடும், கெட்டதைத் தள்ளிவிட்டுப் புதுச் சரக்கு வைக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. டிஎன்எஸ் செய்வது அச்சாக இதுதான். கையிருப்பு பணத்தையும் குறிக்குமே என்று கேட்கலாம். கணக்கு எழுதுகிறவர்கள் அதை ரொக்கக் கையிருப்பு என்று பிரித்தே எழுதுகிறார்கள். நாமும் டிஎன்எஸ் கையிருப்பு என்று எழுதினால் குழப்பம் வராது.

அழி என்ற சொல்லையும் மாற்ற வேண்டும். திரையில் அழி என்று பார்த்தவுடன் "என் போட்டோ எல்லாம் போயிடுமா?" என்று கேட்காதவர் குறைவு. எதுவும் அழிவதில்லை, அடுத்த முறை கணினி புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். காலி செய் என்று எழுதினால் போதும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில், திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் வந்திருக்காது என்று எனக்கு வருத்தம்.

அண்ணனிடம், "பழைய முகவரி கையிருப்புல கெடக்கு, அதைக் காலி பண்ணணும்ணே" என்றேன். "அம்புட்டுத்தானா?" என்றார். கட்டளைத் திரையைத் திறக்கச் சொல்லி, 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்பதை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்படியும் திறக்கவில்லை. இணையதளம் பார்க்கும் குரோம் உலாவிக்குத் தனியாக ஒரு கையிருப்பு உண்டு என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, "அதையும் காலி பண்ணணும், அதானே?" என்றார்.