‘கிராக்தானே டாக்டர்?’

மறுபடியும் ஒரு பாட்டி. மறுபடியும் அதே வசனம்: “வெறும் கிராக்தான்னு சொன்னாங்க டாக்டர்.”

எழுபதைத் தாண்டியவர். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. இடுப்பு மூட்டை ஒட்டி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விலகாத முறிவு, அட்மிட் ஆகிவிடுங்கள், ஸ்குரூ போட்டுவிடலாம் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கூடிப் பேசியவர்கள், “கிராக்குக்குப் போய் ஆபரேஷனா?” என்று கேட்டு அழைத்துப் போய்விட்டார்கள். தினமும் எண்ணெய் போட்டு நீவல். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிச் சாய்ந்து கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குட்டை. இதற்கு எக்ஸ்ரேகூட வேண்டாம், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும்போதே எந்த எலும்பு ஆசாமிக்கும் தெரிந்துவிடும்.

மகன் படித்தவர், அம்மா மேல் பாசமும் உண்டு. “ஃப்ராக்சர்னு சொல்லியிருந்தா உடனே பண்ணியிருப்போம் சார். கிராக்னுதானே விட்டோம்” என்றார்.

சரி, ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். கிராக், ஹேர்லைன், ஃப்ராக்சர், உடைவு எல்லாமே எலும்பு முறிவுதான். எலும்பின் தொடர்ச்சி ஓரிடத்தில் விட்டுப்போனால் அது முறிவு. கோடு தலைமுடி அளவுக்கு மெல்லியதாக இருந்தாலும் முறிவு, பத்துத் துண்டாகச் சிதறியிருந்தாலும் முறிவு. துண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றனவா, நகர்ந்துவிட்டனவா என்பதைத்தான் அன்டிஸ்பிளேஸ்டு, டிஸ்பிளேஸ்டு என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். அன்டிஸ்பிளேஸ்டு என்றால், இந்தப் படம் எடுத்த நிமிஷத்தில் விலகவில்லை என்று அர்த்தம். நாளைக்கும் விலகாது என்று யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

“ஆனா நாலு நாள் நடந்தாங்களே சார்?” நடப்பார்கள். கழுத்து முறிவில் ஒரு துண்டு இன்னொன்றுக்குள் கொஞ்சம் குத்தி நின்றுகொள்வது உண்டு, இம்பாக்டட் என்போம். அந்தப் பிடிப்பில் வலியைப் பொறுத்துக்கொண்டு பாத்ரூம்வரை நடக்க முடியும். நீவும்போதோ, திடீரென்று திரும்பும்போதோ அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். அப்புறம் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: தொடை எலும்பின் மேல்முனையில் வரும் இதைத்தான் இடுப்பு முறிவு என்கிறோம், இதன் வலி சிலருக்கு முழங்காலில்தான் தெரியும். முழங்காலைப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று தைலம் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. விழுந்த முதியவர் முழங்கால் வலி என்று சொன்னால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.யில் மட்டும் தெரியும் முறிவுகளும் இருக்கின்றன.

முறிவு எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே என்பது எங்களுக்கு முக்கியம். தொடை எலும்பின் உச்சியில், இடுப்புக் குழிக்குள் உட்காரும் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்தில் முறிந்து விலகினால் குழாய்களும் அறுந்துபோகலாம், பந்து ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். அதனால்தான் விலகுவதற்கு முன்பே ஸ்குரூவைப் போட்டு நிறுத்தச் சொல்கிறோம். சின்னக் கீறல், கொஞ்ச நேர வேலை, அவருடைய பந்து அவருக்கே மிஞ்சும். விலகிவிட்டால் இந்த வயதில் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டியதுதான். அந்தப் பாட்டிக்கு அதைத்தான் செய்தோம். இதே எலும்பில் ஓரிரு அங்குலம் கீழே உடைந்திருந்தால் ரத்த ஓட்டத்துக்குக் குறையிருக்காது, எலும்பு எப்படியும் சேர்ந்துவிடும். ஆனால் ஆபரேஷன் செய்யாவிட்டால் கோணலாகவும் குட்டையாகவும் சேரும், சேரும்வரை படுக்கைதான். படுக்கை என்பது முதியவருக்கு ஓய்வு இல்லை: புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டி. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலகமெங்கும் பார்க்கும் நிலைமை. “இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்” என்று கேட்பவர்களுக்கு என் பதில், இந்த வயதில்தான் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும்.

இளவட்டங்களுக்கும் இதே கதை மணிக்கட்டில் நடக்கிறது. பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறியும். முதல் படத்தில் பல சமயம் தெரியாது. கட்டை விரலைத் தூக்கினால் அதன் அடியில் ஒரு குழி விழும், அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் கட்டுப் போட்டுக்கொண்டு பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். “சுளுக்குதான், வழிச்சு விட்டாச்சு” என்று சொல்லிவிட்டு ஒரு வருஷம் கழித்து வந்தால், எலும்பு சேராமல் நின்றிருக்கும். “விரல் அசையுதே சார்” என்பார்கள். விரலை இழுக்கும் தசை முன்கையில் இருக்கிறது, அசைந்துவிட்டுப் போகட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் என்ற சர்ஜன், மணிக்கட்டை ஒட்டி முன்கை எலும்பு முறிவதை விவரித்து எழுதியது 1814இல். எக்ஸ்ரே வந்தது 1895இல். படமே இல்லாத காலத்தில் கையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இன்று டாக்டர் தொடுவதற்கு முன்பே வாட்ஸாப்பில் படம் வந்துவிடுகிறது.

சிம்பிள் என்று எழுதியிருந்தால் சுலபம் என்று நினைக்காதீர்கள். தோல் கிழியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள், உள்ளே தூள் தூளாக இருக்கலாம். தூளாக இருப்பதைக் கம்மினியூட்டட் என்போம். கம்பவுண்ட் என்றால் பல துண்டு என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. முறிந்த இடத்துக்கும் வெளிக்காற்றுக்கும் காயம் வழியாகத் தொடர்பு இருந்தால் அதுதான் கம்பவுண்ட். ஒரு பொட்டு அளவு ஓட்டை போதும். இது அவசரம். மஞ்சள் தூள், காபித் தூள், பேனா மை எதையும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் எலும்பில் அதைச் சுரண்டி எடுப்பது எங்கள் தலையெழுத்து. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளவும் கூடாது. சுத்தமான துணியால் மூடுங்கள், ஒரு மரச்சட்டமோ மடித்த செய்தித்தாளோ வைத்துக் கையைக் காலை அசையாமல் கட்டுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

க்ரீன்ஸ்டிக் என்பது குழந்தைகளுடையது. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. பெரும்பாலும் நன்றாகச் சேர்ந்துவிடும். குழந்தைகளில் என்னைத் தூங்கவிடாதது முழங்கைக்கு மேலே உடைவதுதான். அதன்மேல் தப்பை வைத்து இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வீக்கம் உள்ளே ஏற, வெளியே கட்டு இடம் கொடுக்காது. சில மணி நேரத்தில் முன்கைத் தசை சாக ஆரம்பிக்கும். அப்புறம் விரல்கள் மடங்கியபடியே சுருங்கிப்போகும். இறுக்கமான கட்டால் வரும் இந்த ஊனத்தை ஜெர்மனியில் ஃபோல்க்மான் என்ற சர்ஜன் 1881லேயே எழுதி வைத்தார், இன்னும் அதே கை நம் ஊரில் வருகிறது. நாட்டுக் கட்டு என்றில்லை, ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டும் இறுகலாம். குழந்தை விடாமல் அழுதால், மருந்து கொடுத்தும் வலி ஏறினால், மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது அலறினால், அது அடம் இல்லை. விரல் சூடாக இருக்கிறது, நாடி துடிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா, ராத்திரி இரண்டு மணி என்றாலும் கொண்டு வாருங்கள், கட்டைப் பிரித்துவிடுகிறோம். திட்ட மாட்டோம்.

ஆட்டுக்கால் சூப் கேட்பவர்களுக்கு: குடியுங்கள், ருசியாக இருக்கும். பிரண்டைத் துவையலும் நல்லதுதான். ஆனால் சிகரெட்டை நிறுத்தாமல் சூப் குடித்துப் பயனில்லை, புகை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். பெரியவர்களுக்குக் கை எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம், கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் பிரித்துவிட்டார்கள் என்று பிளேடால் கட்டை அறுத்துக்கொண்டு வராதீர்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது இப்படிக் கேளுங்கள்: எந்த எலும்பில், எந்த இடத்தில்? விலகியிருக்கிறதா, விலகும் ஆபத்து உண்டா? மூட்டுக்குள் போயிருக்கிறதா? மறுபடி எப்போது படம் எடுக்க வேண்டும்? பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும், ஓ.பி. கூட்டத்தில் அதுவும் கஷ்டம்தான், இருந்தாலும் விடாமல் கேளுங்கள்.

வீட்டில் முதியவருக்கு இடுப்பு முறிந்து ஆபரேஷனும் முடிந்ததென்றால், தையல் பிரிக்க வரும் நாளில் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைப் பற்றியும் அதற்கான மருந்தைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, இன்னொரு இடுப்பும் அதே எலும்புதான். குளியலறையில் ஒரு கைப்பிடி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு, வாசலில் சுருளும் கால்மிதிக்கு விடை. இதையெல்லாம் பாட்டி டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.