வட்டி ஏறினால் யாருக்கு உறைக்கும்?

மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் கடன் குறையும், செலவு குறையும், விலைவாசி அடங்கும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். ஆனால் ஒரு சதவீத உயர்வு எல்லா நாட்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மக்கள் எந்த மாதிரிக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. ஆஸ்திரேலியாவில் 0.1-லிருந்து 4.35 வரைதான். ஏற்றம் அமெரிக்காவில்தான் அதிகம். ஆனால் ஏற்கெனவே வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு உறைத்ததென்னவோ ஆஸ்திரேலியாவில்தான். அமெரிக்க வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை 30 ஆண்டுக்கு வட்டி மாறாதவை. 2021-ல் 3 சதவீதத்துக்கு வாங்கியவர் 2023-லும் அதே தவணையைத்தான் கட்டினார். ஆஸ்திரேலியாவில் மாறும் வட்டிதான் பரவலான வழக்கம். அறிவிப்பு வந்து சில வாரங்களில் தவணை ஏறிவிடும்.

அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 3 சதவீதக் கடனை அடைத்துவிட்டு 7 சதவீதத்துக்குப் புதுக் கடன் வாங்க யாருக்கு மனம் வரும்? பலர் வீட்டை விற்காமலே இருந்துவிட்டார்கள். வாங்குபவரும் குறைந்தார்கள், விற்பவரும் குறைந்தார்கள். அதனால் வட்டி அவ்வளவு ஏறியும் வீட்டு விலை பெரிதாக இறங்கவில்லை.

சரி, வட்டியை இறக்கும்போது? மாறா வட்டிக்காரருக்கு அப்போதும் வசதிதான்: பழைய கடனை அடைத்து மலிவான கடனுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வீட்டின் மதிப்பு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் தொடக்கத்தில் 5.25 சதவீதமாக இருந்த வட்டி 2008 டிசம்பரில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. அதற்குள் வீட்டு விலை சரிந்து, பலருடைய கடன் பாக்கி வீட்டின் மதிப்பையே தாண்டிவிட்டது. அவர்களுக்குப் புதுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. அடிவாங்கியிருந்த வங்கிகளும் கையை இறுக்கிக்கொண்டன. வட்டிக் குறைப்பு யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களைத்தான் அது கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம், வட்டி மாற்றம் மக்களைப் போய்ச் சேர ஆகும் தாமதம். இது நீளமானது, ஒரே சீராகவும் இருக்காது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எப்போதோ சொல்லிவிட்டார். பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டியைப் பெரும்பாலும் 2 அல்லது 5 ஆண்டுக்கு நிலைப்படுத்துவார்கள். 2021-ல் 5 ஆண்டுக்கு எடுத்தவருக்குப் பழைய வட்டி 2026 வரை ஓடும். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியோ 2023 ஆகஸ்டிலேயே ஏற்றத்தை முடித்து, 2024 ஆகஸ்டில் குறைக்கவும் தொடங்கிவிட்டது.