தாயைத் தின்றது குட்டிகள் அல்ல

போன சனிக்கிழமை, கிளினிக் மூடுகிற நேரம். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேசையில் வைத்தான். திறந்தால் ஈர டிஷ்யூ பேப்பரில் எம்பரர் தேள் ஒன்று, ஆசைக்கு வளர்க்கிறார்களே அந்த ஆப்பிரிக்கப் பெரிய கறுப்புத் தேள், செத்துக் கிடந்தது. அதைச் சுற்றி, அரிசிப்பொரி சிந்தினாற்போல வெள்ளை வெள்ளையாக ஆறு குட்டிகள்.

"குட்டி போட்டுச்சு டாக்டர். குட்டிங்க எல்லாம் சேர்ந்து அம்மாவைத் தின்னுடுச்சு. அது நேச்சர்தானே? எங்க பாட்டிகூட அப்படித்தான் சொல்வாங்க. இதுங்களுக்கு என்ன ஃபீட் குடுக்கலாம்?"

"தொட்டியில மொத்தம் எத்தனை தேள்பா இருக்கு?"

"அஞ்சு."

இந்த வருடத்தில் இது நான்காவது. நான்கு பேருமே தாயைக் குட்டிகள் தின்றுவிட்டதாகத்தான் சொன்னார்கள். நான்கு பேர் வீட்டிலும் ஒரே தொட்டியில் கூட்டுக் குடித்தனம். இனி ஒவ்வொருவருக்காகச் சொல்லிக் கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, எழுதிவிடுகிறேன்.

பிறந்த தேள் குட்டியால் எதையும் தின்ன முடியாது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டியாகவே ஈனும். ஈன்றதும் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் தடவை சட்டை உரிக்கும்வரை, ஒன்றிரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், அங்கேயேதான் இருக்கும். அதுவரை உடம்பில் மிச்சமிருக்கும் கருவின் சத்துதான் அவற்றுக்குச் சோறு. இரை பிடிக்கவும் தெரியாது, கொட்டவும் வராது. உள்ளங்கையில் வைத்தால் தவிட்டுத் துகள் போல மிருதுவாக இருக்கும் ஒரு ஜீவன், ஓடு பாய்ந்த எம்பரர் தேளைக் கடித்துத் தின்றது என்கிறீர்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்பதும் கதைதான். நல்லபடி வளர்த்தால் ஒரே பெண் தேள் பல தடவை ஈனும்.

பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து லென்ஸில் காட்டினேன். முதுகு ஓட்டில் ஒரு கீறல் இல்லை. பக்கவாட்டில், மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் சேர்க்கும் அந்த மெல்லிய தோல்தான் நீளமாகக் கிழிந்திருந்தது. சினையாக இருக்கும்போது அந்த இடம் உப்பி வெளுத்துத் தெரியும், உடம்பிலேயே அதைவிட மென்மையான இடம் கிடையாது. வால் நடுவில் துண்டாகியிருந்தது. ஒரு இடுக்கிக் காலைக் காணவே காணோம். அந்த வேலைக்குப் பெரிய இடுக்கி வேண்டும். தொட்டியில் இருந்த மற்ற நான்கில் ஒன்றோ இரண்டோதான் அதைச் செய்திருக்க வேண்டும். குட்டிகளில் பெரும்பாலானவையும் அவற்றின் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். எம்பரர் ஒரு ஈற்றில் பத்துக்குக் குறையாமல் போடும், முப்பதுகூடப் போடும். இவனிடம் மிஞ்சியது ஆறு.

"ஆனா இது கம்யூனல் ஸ்பீஷிஸ் டாக்டர், எல்லா வீடியோலயும் சொல்றாங்க."

கம்யூனல், அதாவது கூட்டமாக வாழும் இனமாம். இந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எம்பரர் தேள் கானா, டோகோ, பெனின் பக்கத்துக் காட்டுத் தேள். கறையான் புற்றிலும் மண் வளையிலும் சில சமயம் ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்கும், உண்மைதான். மற்ற தேள்களைவிட இதற்குச் சகிப்பு அதிகம், அதுவும் உண்மைதான். அதற்காக அவை கூடி வாழ ஆசைப்படுகின்றன என்று யார் சொன்னது? ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எட்டுக் குடும்பம் ஒரே குழாயடியில் நின்றாலும், கோபம் வந்தால் சாத்திக்கொள்ள அவரவருக்கு ஒரு கதவு இருந்தது. காட்டில் தேளுக்கும் அந்தக் கதவு உண்டு. பிடிக்காவிட்டால் நகர்ந்து வேறு வளைக்குப் போய்விடும். உங்கள் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? ஆறு மாதம் சண்டை வரவில்லை என்றால் அன்பு என்று பொருளில்லை. அதுவரை ஒன்றும் சட்டை உரிக்கவில்லை, ஒன்றும் ஈனவில்லை, இரையும் தட்டாமல் கிடைத்தது, அவ்வளவுதான். சட்டை உரித்த தேளின் உடம்பு சில நாளைக்கு வேகவைத்த இறால் மாதிரி இருக்கும். பக்கத்தில் பசித்த தேள் ஒன்று இருந்தால் இனம், உறவு எல்லாம் பார்க்காது. தேள் வேண்டாம், நீங்கள் தீனியாகப் போட்டு மிச்சமிருக்கும் உயிருள்ள வெட்டுக்கிளியே போதும், உரித்துக் கிடப்பதைக் கொறித்துவிடும். அதை எடுத்து வெளியே போடச் சோம்பல் படுகிறவர்கள் தேள் வளர்க்க வேண்டாம்.

வேறு வேறு இனங்களை ஒன்றாக விடுவதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. மாடியில் செங்கல் அடியில் கிடைத்த செந்தேளைப் பிடித்து "கலருக்காக" எம்பரரோடு விட்ட ஒருவரும் என்னிடம் வந்திருக்கிறார். தேளுக்கு நடந்ததை விடுங்கள், வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. எம்பரரோ நம் ஊர் நட்டுவாக்காலியோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்குப் பெரும்பாலும் குளவி கொட்டின மாதிரி வலியோடு போய்விடும். செந்தேள் அப்படியில்லை. குழந்தைக்கு வாந்தி, கொட்டுகிற வியர்வை, சில்லிட்ட கைகால் என்று தொடங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையால் இந்தச் சாவுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்று காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் குழந்தை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மந்திரிக்கப் போய்விட்டு வராதீர்கள். கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள்.

வளர்த்தே தீருவேன் என்றால், ஒரு தொட்டிக்கு ஒரு தேள். இனப்பெருக்கம் பண்ணத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள், முப்பது குட்டியை யாரிடம் கொடுப்பீர்கள்? அப்படியும் பண்ணுவதென்றால், இரண்டுக்கும் வயிறு நிறைய இரை கொடுத்துவிட்டு அன்றைக்கு மட்டும் சேர்த்து விடுங்கள். தட்டையான கல்லோ ஓடோ கட்டாயம் வேண்டும். ஆண் தன் விந்துப் பையைத் தரையில் ஒட்டவைத்து, பெண்ணின் இடுக்கியைப் பிடித்து அதன்மேல் இழுத்துக்கொண்டு வரும். வெறும் நார்த்தூளில் அது சரியாக நிற்காது. முடிந்ததும் பிரித்துவிடுங்கள். சினைக்காலம் ஏழெட்டு மாதம், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு நாளும் பெண் தனியாக, இருட்டாக, ஈரமாக இருக்கட்டும். ஈன்றபின் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மிரண்ட தாய் தன் குட்டிகளையே தின்றுவிடும். தேள் பளபளவென்று ஒளிரும் என்பதால் ரீல்ஸுக்காகப் புற ஊதா (UV) டார்ச் அடிக்கவே அடிக்காதீர்கள். (அந்த டார்ச்சுக்கு என்னிடம் ஒரே உபயோகம்தான். புதிதாகச் சட்டை உரித்த தேள் சரியாக ஒளிராது. மங்கலாகத் தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுவேன்.)

அப்புறம், அந்த ஹீட்டிங் மேட். ஜெர்மனிக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு மே மாதச் சென்னையில் தொட்டிக்கு அடியில் சூடு வைத்தால் தேள் வெந்துதான் போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் (CITES) இரண்டாம் பட்டியலில் எம்பரர் தேள் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் தேள் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பார்சலில் வந்தது, எனக்கென்ன தெரியும் என்றெல்லாம் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைச் சென்னை சுங்கத்துறை பிரித்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. போக வேண்டிய விலாசம் அருப்புக்கோட்டை. அவ்வளவையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அலுத்துப்போய் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள், திட்டமாட்டேன்.

பையனிடம் மறைக்கவில்லை. தாயில்லாமல் முதல் சட்டை உரிப்பைத் தாண்டுவது கஷ்டம் என்றேன். ஈரப் பஞ்சு வைத்து ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் விடச் சொன்னேன், தீனி எதுவும் போடாதே என்றேன். மீதி நான்கையும் அன்றிரவே பிரித்துவிட்டான். புதன்கிழமை மெசேஜ் வந்தது: "மூணு இருக்கு டாக்டர். ரெண்டு உரிச்சிடுச்சு. டப்பா மூடில ஓட்டை எவ்ளோ பெருசா போடணும்?"

ஊக்கைச் சூடுபண்ணி முனையால் மட்டும் குத்து, அதற்கு மேல் வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.